ராட்டினமும் மர ஆணியும்

தருமபுரி மாவட்டத்தில் அரூருக்கு அண்மையில் உள்ளது தீர்த்தமலை. யான் பிறந்து வளர்ந்த ஊர் அது. மலையின்மீது தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்டுள்ளார். செங்குத்தான பாறையின் மேலிருந்து இராம தீர்த்தம் வீழ்கின்றது. கற்படிகளில் வியர்க்க வியர்க்க ஏறிச் செல்வோர் அந்நீரைத் தலையில் ஏற்ற அளவிலே களைப்பு நீங்கப் பெறுவர். மாசித் திங்களில் அங்குத் தேர்த்திருவிழா நிகழும். அந்நாள்களில் மலையடிவாரம் ஒரு சிறு நகரமாகவே மாறிவிடும். வளையற் கடைகளும், பொரிகடலைக் கடைகளும், மரப்பாச்சி விற்போரும், ஊதுகுழல் விற்போரும் வழிநெடுக நிறைந்திருப்பர்.

அத்திருவிழாவில் சிறுவராகிய எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, பல நூறு கைகள் வடம் பற்றி இழுக்க அசைந்து வரும் தேர். மற்றொன்று, புளியமரத்தடியில் சுழலும் தொட்டில் ராட்டினம். இவ்விரண்டையும் பற்றிச் சொல்லப் புகுந்தால், ஐம்பத்தைந்து ஆண்டுகளாக என் நெஞ்சில் தைத்துக் கிடக்கும் ஒரு மர ஆணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

அக்காலத்து ராட்டினத்தை இக்காலத்து மாணவர் பலர் கண்டிரார். இரண்டு தடித்த மரக்கம்பங்கள் நிலத்தில் ஆழ நடப்பட்டிருக்கும். அவற்றின் தலைப்பில் ஓர் இருசு குறுக்கே கிடக்கும். அவ்விருசில் பொருத்திய நான்கு கைகளின் நுனியில் நான்கு மரத்தொட்டில்கள் தொங்கும். கைகள் சுழலும்போது தொட்டில்கள் மேலும் கீழும் சென்றாலும் கவிழமாட்டா. தராசுத் தட்டு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் எங்ஙனம் நிமிர்ந்தே நிற்கின்றதோ அங்ஙனமே, மேலே ஓரிடத்தில் மாட்டித் தொங்கும் தொட்டிலும், பளு அடியில் இருத்தலால், நிமிர்ந்தே நிற்கும்.

அந்த ராட்டினத்தைச் சுழற்றியவர் ஒரு முதியவர். மெலிந்த உடம்பினர். தலையில் அழுக்கேறிய ஒரு துண்டு. முகத்தில் மாறாத ஒரு சிரிப்பு. எட்டுச் சிறுவரைத் தாங்கிய அப்பொறியை அவர் ஒருவரே கையால் தள்ளிச் சுழற்றியது எங்களுக்குப் பெருவியப்பாக இருந்தது. அதன் நுட்பம் அவர் சிறுவரை ஏற்றும் முறையிலே இருந்தது. ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்ப்பார். "நீ இந்தத் தொட்டிலுக்கு வா, தம்பி. கண்ணு, நீ எதிர்த் தொட்டிலுக்குப் போ" என்பார். எதிரெதிர்த் தொட்டில்களின் பளு ஒத்திருந்தால், இறங்கும் தொட்டிலே ஏறும் தொட்டிலைத் தூக்கிவிடும். தள்ளுபவர் சிறிது துணை செய்தால் போதும். கல்வியறியாத அம்முதியவர் இயற்கையின் கணக்கைக் கண்ணால் கற்றிருந்தார்.

ஒவ்வொரு தொட்டிலின் முன்புறத்திலும் ஒரு குறுக்குக் கட்டை உண்டு. அது நழுவாமல் இருக்க, ஒரு துளையில் விரல் நீளமுள்ள மர ஆணி ஒன்றைச் செருகுவார். செருகிய பின்னர்த் தாமே ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். "ஆணியில் மட்டும் கை வைக்காதீர்கள், கண்ணுகளா" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் தவறாது சொல்லுவார். நாங்கள் அதனைக் கேட்டுச் சிரிப்போம்.

அவ்வாண்டு தேரோட்டத்தின்போது என் தந்தையார் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, தேர்ச் சக்கரத்தின் அருகே நடந்த சிலரைச் சுட்டிக் காட்டினார். அவர்கள் கையில் ஆப்பு வடிவான முட்டுக்கட்டைகள் இருந்தன. தேர் சரிவில் விரையும்போதும், திருப்பத்தில் விலகும்போதும், அவர்கள் குனிந்து அக்கட்டைகளைச் சக்கரத்தின்கீழ்ச் செருகினர். மலைபோல் வந்த தேர் அடங்கி நின்றது. "தம்பி, தேரை இழுப்பவர்களை ஊர் பார்க்கிறது. நிறுத்துகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவர்களை நம்பித்தான் மற்றவர்கள் இழுக்கிறார்கள்" என்றார் தந்தையார். பத்து வயதினனாகிய எனக்கு அச்சொல்லின் பொருள் அன்று விளங்கவில்லை. மறுநாளே விளங்கியது.

மறுநாள் மாலை யானும் என் தங்கையும் ஒரு தொட்டிலில் அமர்ந்தோம். அவளுக்கு அப்போது வயது ஏழு. ராட்டினம் சுழலத் தொடங்கிற்று. உச்சியை அடைந்தபோது மலைக்கோயில் தெரிந்தது. எழுந்து நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. கீழே நின்ற நண்பர்கள் என் துணிவைக் கண்டு வியப்பர் என்ற ஆசையும் உடன் எழுந்தது. குறுக்குக் கட்டை முழங்காலைத் தடுத்தது. யான் அந்த மர ஆணியை மெல்ல அசைத்து உருவினேன்.

கட்டை நழுவியது. தொட்டில் இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கட்டையைப் பற்றியிருந்த என் தங்கை அதனோடு முன்னே சரிந்தாள். ஓர் ஆள் உயரத்திலிருந்து அவள் வீழ்ந்ததைக் கண்ட முதியவர், தள்ளுவதை விட்டு, சுழன்று வந்த அடுத்த தொட்டிலைத் தம் தோளால் தாங்கி நிறுத்தினார். அவர் அங்ஙனம் நிறுத்தியிராவிடில் அத்தொட்டில் என் தங்கையின் தலையில் மோதியிருக்கும். அவர் தோளில் குருதி வழிந்தது. என் தங்கையின் இடக்கை முறிந்தது.

கூட்டம் கூடிற்று. "ஆணியைச் செருகாமல் பிள்ளைகளை ஏற்றினாயா?" என்று பலரும் அவரைச் சூழ்ந்து நின்று வைதனர். ஒருவர் அவர் கழுத்துத் துண்டைப் பற்றி இழுத்தார். "செருகினேன், ஐயா. என் கையால் செருகி இழுத்தும் பார்த்தேன்" என்று அவர் மீண்டும் மீண்டும் கூறினார். கேட்பார் இல்லை. அவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வலக்கை இறுக மூடியிருந்தது. அதனுள் அந்த ஆணி இருந்தது. யான் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவே அவர் ராட்டினத்தைப் பிரித்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்றுவிட்டார். திருவிழாவில் மேலும் சில நாள்கள் எஞ்சியிருந்தன. அவற்றின் வருவாயை அவர் இழந்தார். அடுத்த ஆண்டும் அவர் வரவில்லை. அதன்பின் எந்நாளும் வரவில்லை. தங்கையின் கை சில திங்களில் கூடிற்று. யான் ஆணியைப் புதரில் எறிந்தேன். எனினும் அது என்னை விட்டு நீங்கவில்லை.

ஆண்டுகள் உருண்டன. யான் தமிழ் பயின்று, புலவர் பட்டம் பெற்று, ஆசிரியப் பணியில் அமர்ந்தேன். பெருந்தேரின் ஓட்டத்துக்குச் சிறிய அச்சாணியே காவல் என்னும் கருத்து வரும் பாடத்தை ஆண்டுதோறும் நடத்த நேர்ந்தது. நடத்தும்போதெல்லாம் என் குரல் சற்றுத் தளரும். மாணவர் அதனைப் பாட்டின் சுவையில் தோய்ந்த தளர்ச்சி என்று எண்ணிக்கொண்டனர்.

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கும் பின்னர் மின்பொறியால் சுழலும் ராட்டினங்கள் வந்தன. இத்தகைய பெருஞ்சக்கரங்களுக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் ஃபெரிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர். 1893ஆம் ஆண்டு சிகாகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவர் 264 அடி உயரமுள்ள எஃகுச் சக்கரம் ஒன்றை நிறுவினார். அதில் 36 பெட்டிகள் இருந்தன. பெட்டி ஒன்றுக்கு 60 பேர் ஏறலாம். பாலம் கட்டும் தொழிலில் தேர்ந்த அவர், நீராவிப் பொறியால் அதனைச் சுழற்றினார். அளவில் மலையும் மடுவுமாக வேறுபட்டாலும், அச்சக்கரமும் எங்கள் ஊர்ப் புளியமரத்தடி ராட்டினமும் எதிரெதிர்ப் பளுக்கள் ஒன்றையொன்று தாங்கும் ஒரே நெறியில் இயங்கியவையே.

சங்கிலிகளில் நாற்காலிகளைத் தொங்கவிட்டுச் சுழற்றும் ராட்டினமும் வந்தது. வேகம் மிகும்தோறும் நாற்காலிகள் வெளிப்புறமாகச் சாய்ந்து உயரும். அதில் ஒரு வியப்பு உண்டு. ஒரே நீளச் சங்கிலிகளாயின், தடித்தவர் அமர்ந்த நாற்காலியும், மெலிந்தவர் அமர்ந்த நாற்காலியும், ஆளே இல்லாத நாற்காலியும் ஏறத்தாழ ஒரே அளவே சாயும். பளு மிகுந்தவரைச் சுழற்சியில் வளைத்து இழுக்க மிகுந்த விசை வேண்டும். அதே அளவிற்கு மண்ணும் அவரை மிகுதியாக இழுக்கின்றது. இரண்டும் ஒருங்கே மிகுதலால் சாய்வு மாறுவதில்லை.

இவற்றையெல்லாம் யான் தொலைவில் நின்றே கண்டேன். எதிலும் ஏறியதில்லை, என் பிள்ளைகளை ஏற்றியதும் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் வாழும் என் மகளின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். எட்டாம் வகுப்பில் பயிலும் என் பேத்தி, தன்னுடன் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வர வேண்டும் என்று பிடிவாதம் செய்தாள். மைசூர்ச் சாலையில் பிடதிக்கு அருகே 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வொண்டர்லா என்னும் பூங்கா அது. நம் நாட்டில் இத்தகைய பூங்காக்களுள் முற்பட்டது, 1984ஆம் ஆண்டு புதுதில்லியில் தோன்றி 2008ஆம் ஆண்டு மூடப்பட்ட அப்பு கர் ஆகும். தமிழகத்தில் தாம்பரத்தை அடுத்து 1995ஆம் ஆண்டு கிஷ்கிந்தா தொடங்கப்பெற்றது. திருவிழாவோடு வந்து திருவிழாவோடு மறையும் ராட்டினம், இவ்வாறு ஆண்டு முழுவதும் ஓரிடத்தே நிலைபெற்றது.

அப்பூங்காவில் ரீகாயில் என்று பெயரிட்ட ஓர் உருள்வண்டி உண்டு. வானில் வளைந்து நெளிந்து கிடக்கும் இருப்புப் பாதையில் அது ஓடுகின்றது. தொடக்கத்தில் வண்டியைப் பின்புறமாக இழுத்து உயரத்தில் ஏற்றுகின்றனர். பின்னர் விட்டுவிடுகின்றனர். அது பாய்ந்திறங்கி, வளையத்தில் தலைகீழாகச் சுழன்று, எதிர்ப்புறத்து ஏற்றத்தில் ஏறி, மீண்டும் பின்னோக்கி வந்த வழியே திரும்புகின்றது. என் பேத்தி அதில் ஏறினாள். யான் கீழே நின்று கண்களை மூடிக்கொண்டேன்.

அவள் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தபின், "இவ்வளவு விரைவாக ஓடும் அவ்வண்டியில் பொறி எங்கே உள்ளது?" என்று வினவினேன்.

"வண்டியில் பொறியே இல்லை, தாத்தா. மேலே இழுப்பதற்கு மட்டுந்தான் பொறி. அதன்பின் உயரமே அதை ஓட்டுகிறது. நீங்கள் தீர்த்தமலைப் படியேறுவது போல. ஏறும்போது படுகிற பாடு எல்லாம் உயரமாகச் சேர்ந்துவிடும்; இறங்கும்போது வேகமாகத் திரும்பிவிடும்" என்றாள்.

அவள் கூறியது உண்மை. உயரம் என்பது சேமித்து வைத்த செல்வம். 30 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி இறங்கும் வண்டி, அடியை அடையும்போது மணிக்கு ஏறத்தாழ 87 கிலோமீட்டர் வேகம் பெறும். ஆயினும் உராய்வும் காற்றும் அச்செல்வத்திலிருந்து வரி வாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே எதிர்ப்புறத்தில் அவ்வண்டி புறப்பட்ட உயரத்தைத் தானே எட்ட இயலாது. அங்கும் பொறி அதனைப் பற்றி மேலே இழுக்க வேண்டியுள்ளது. 1884ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோனித் தீவில் தாம்சன் என்பவர் அமைத்த உருள்வண்டியில், மக்கள் படியேறி உச்சிக்குச் சென்றே அமர்ந்தனர். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டரே. அவர்கள் கால்களால் ஈட்டிய உயரத்தையே வண்டியில் செலவிட்டனர்.

"தலைகீழாகச் சுழலும்போது ஏன் வீழவில்லை?" என்று அடுத்து வினவினேன். அவள் தன் நீர்க்குப்பியைக் காட்டி, கயிற்றில் கட்டிய சொம்பை விரைந்து சுழற்றினால் நீர் சிந்தாமையை நினைவூட்டினாள். நீர் வீழாமல் நிற்கின்றது என்பதன்று. அது வீழ்வதற்கு முன்னரே சொம்பு வளைந்து சென்று அதனை ஏந்திக்கொள்கின்றது. உருள்வண்டியும் அத்தகையதே. வட்டமான ஒரு வளையத்தை வண்டி கடக்க வேண்டுமாயின், வளையத்தின் உச்சியைக் காட்டிலும் அதன் விட்டத்தில் கால் பங்கேனும் உயர்ந்த இடத்திலிருந்து புறப்பட வேண்டும். உராய்வையும் எண்ணினால் அதனினும் மிக வேண்டும். இக்காலத்து வளையங்களை முழு வட்டமாக அமைப்பதில்லை. கவிழ்ந்த நீர்த்துளி போல, வளைவின் ஆரம் அடியில் மிகுந்தும் உச்சியில் குறைந்தும் இருக்க அமைக்கின்றனர். இதனால் அடிப்பகுதியில் உடம்பை அழுத்தும் பளு குறைகின்றது.

பாதையை விட்டு வண்டி எழாதிருக்கும் வகையையும் அவள் காட்டினாள். ஒவ்வோரிடத்திலும் மூவகைச் சக்கரங்கள் உள. ஒன்று தண்டவாளத்தின் மேலே உருள்கின்றது. ஒன்று பக்கவாட்டில் அணைகின்றது. ஒன்று அடியிலிருந்து பற்றிக்கொள்கின்றது. அடிச்சக்கரத்தை 1919ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்று வழங்கியவர் ஜான் மில்லர் என்பவர். அது தோன்றிய பின்னரே உருள்வண்டிகள் செங்குத்தாகப் பாயத் துணிந்தன. பிடித்து வைக்கும் சக்கரம் பிறந்த பின்னர்த்தான் விரையும் உரிமை பிறந்தது.

நிறுத்தும் முறையோ அதனினும் வியப்பானது. இக்காலத்து உருள்வண்டிகள் பலவற்றில், பாதையிலும் வண்டியிலும் காந்தங்களும் உலோகத் தகடுகளும் எதிரெதிரே அமைந்துள்ளன. தகடு காந்தங்களின் இடையே பாயும்போது அதனுள் மின்னோட்டம் சுழன்றெழுந்து, அவ்வோட்டத்தையே எதிர்க்கின்றது. ஒன்றையொன்று தொடாமலே வேகம் அடங்குகின்றது. மின்சாரம் நின்றாலும் இத்தடை நிற்பதில்லை. எங்கள் ஊர்த் தேரின் முட்டுக்கட்டை, இரும்பும் காந்தமும் பூண்டு வந்து நின்றதாகவே எனக்குத் தோன்றியது. தந்தையார் சொன்ன சொல் காதில் ஒலித்தது.

அப்போது என் பேத்தி குறும்பாகச் சிரித்தாள். "தாத்தா, ஓர் இரகசியம் சொல்லட்டுமா? தோள்மேல் ஓர் இரும்புப் பட்டையை இறக்கிப் பூட்டினார்களே, ஓடும்போது அதைத் திறக்க முடியுமா என்று தள்ளிப் பார்த்தேன். அசையவே இல்லை!"

என் உடம்பு நடுங்கிற்று. அவளைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன், சொல் எழவில்லை. அவள் செய்தது யான் செய்ததே. ஒரே வேறுபாடு, அப்பூட்டை அமர்ந்திருப்பவர் கையால் ஓட்டத்தில் திறக்க இயலாது. பூட்டு நன்கு விழாவிடில் வண்டியே புறப்படாது. குழந்தைகள் ஆணியை உருவுவர் என்பதை அறிந்து, அறிஞர்கள் அதனை அமைத்திருக்கின்றனர். அவர்கள் அவ்வறிவை எங்கிருந்து பெற்றனர்? என்னைப் போன்றோர் செய்த பிழைகளிலிருந்தும், என் தங்கையைப் போன்றோர் பட்ட துன்பத்திலிருந்துமே பெற்றிருத்தல் வேண்டும். அந்த முதியவரிடம் அத்தகைய பூட்டு இல்லை. ஒரு மர ஆணியும், இரு கண்களும், "கை வைக்காதீர்கள்" என்ற சொல்லுமே அவரிடம் இருந்தன. அவர் சொல்லை யான் மதித்திருந்தால், அம்மர ஆணி இவ்விரும்புப் பூட்டுக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று.

அன்றிரவு என் தங்கையுடன் தொலைபேசியில் பேசினேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மறைத்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

சிறிது நேரம் அவள் பேசவில்லை. பின்னர், "எனக்குத் தெரியும், அண்ணா. நீ ஆணியை உருவியதை நான் அருகில் இருந்து பார்த்தேனே. உன்னை அடிப்பார்கள் என்றுதான் சொல்லவில்லை. ஆனால் இதை நீ என்னிடம் சொல்லி என்ன பயன்? அந்தப் பெரியவரிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்" என்றாள்.

அவள் சொல்லில் சினம் இல்லை. அதனாலேயே அது ஆழப் பதிந்தது. அப்பெரியவரின் பெயரையும் யான் அறியேன், ஊரையும் அறியேன். அக்காலத்திலேயே முதியவராயிருந்த அவர் இன்று இருத்தல் அரிது. கொடுக்க வேண்டியவரிடம் கொடுக்க இயலாத கடன் அது.

இப்போது ஒவ்வொரு மாசியிலும் தேரடிக்குச் சென்று, முட்டுக்கட்டை இடுவோரை முதலில் வணங்குகின்றேன். பின்னர் ராட்டினத் திடலுக்குச் செல்கின்றேன். விளக்குகள் ஒளிரப் பெரிய சக்கரம் சுழல்கின்றது. அதனை இயக்கும் இளைஞர் ஒவ்வொரு பெட்டியின் கதவையும் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்க்கின்றார். அந்த இழுப்பில் அம்முதியவரின் கையை யான் காண்கின்றேன்.

மாணவர்களே, நீங்கள் ராட்டினத்தில் ஏறுங்கள்; உருள்வண்டியில் பாயுங்கள்; உரக்கக் கூவி மகிழுங்கள். ஆனால் உங்கள் மார்பைத் தடுக்கும் பட்டையைப் பகையாக எண்ணாதீர்கள். அப்பட்டை இருப்பதனாலேயே அக்களிப்பு உண்டு. அதனினும் பெரிது ஒன்று உண்டு. பிழை செய்துவிட்டால், உங்கள் கை மூடியிருக்கும்போதே அதனைத் திறந்து காட்டிவிடுங்கள். அன்று திறக்க ஒரு நொடி போதும். யான் திறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. திறந்தபோது, காண வேண்டியவர் அங்கு இல்லை.